நூற்றைம்பது சுறாக்கள்: பகிடி விஞ்ஞானக் கதைகளும் மன்னார் வாசகரும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், சிரிக்க வைக்கும் விஞ்ஞான சாகசக் கதைத் தொடர்களும் அவற்றைப் பற்றி வாசகர்கள் சொல்லும் அபிப்பிராயங்களும். தலைப்பை அறிவித்தபோது இரண்டொருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன். மன்னாருக்கும் விஞ்ஞானக் கதைக்கும் என்ன சம்பந்தம்? விண்கலம் இறங்கின இடமா இது? கழுதை நடக்கிற ரோட்டில் ரொபோ நடந்ததா? இதுதானே உங்கள் மனதில் இருந்த கேள்வி?

சம்பந்தம் உண்டு, சபையோரே. சாதாரணச் சம்பந்தம் அல்ல. உலகத்திலேயே அதிகம் வாசிக்கப்பட்ட விஞ்ஞான சாகசக் கதைகளில் ஒன்று, நம்முடைய கடலுக்குள் இறங்கித்தான் தன் கதாநாயகனின் நெஞ்சைத் திறந்து காட்டுகிறது. லண்டன் கடலில் அல்ல, பாரிஸ் ஆற்றில் அல்ல. மன்னார் வளைகுடாவில்! நம்முடைய முத்துப் பார்களில்!

அந்தக் கதை ஜூல் வேர்ன் எழுதிய 'கடலுக்கு அடியில் இருபதாயிரம் லீக்'. 1869ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து 1870 ஜூன் வரை ஒரு பிரெஞ்சுச் சஞ்சிகையில் தொடராக வந்தது. நாம் விகடனுக்காகக் காத்திருந்ததுபோல அங்கே பிள்ளைகளும் பெரியவர்களும் அடுத்த இதழுக்காகக் காத்திருந்தார்கள். இது தனிக்கதையும் அல்ல. 'அசாதாரணப் பயணங்கள்' என்ற பெயரில் வேர்ன் ஆயுள் முழுக்க எழுதிய நெடுந்தொடரில் ஒன்று. அந்தத் தொடரில் மனிதர்கள் பலூனில் பறப்பார்கள், பூமியின் வயிற்றுக்குள் இறங்குவார்கள், பீரங்கிக் குண்டுக்குள் உட்கார்ந்து சந்திரனுக்குப் புறப்படுவார்கள். எல்லாவற்றிலும் ஆச்சரியம் இருக்கும். எல்லாவற்றிலும் ஆபத்து இருக்கும். அந்த ஆபத்தின் பக்கத்திலேயே ஒருவர் நின்றுகொண்டு பகிடி விட்டுக்கொண்டிருப்பார்.

இந்தப் பகிடியைப் பற்றித்தான் வாசகர்களிடையே சண்டை. விஞ்ஞானக் கதை என்றால் விஞ்ஞானம் இருக்கவேண்டும், சிரிப்பு எதற்கு என்று ஒரு கட்சி. சிரிக்கத்தான் படிக்கிறோம், விஞ்ஞானம் வேண்டுமானால் பாடப்புத்தகம் இருக்கிறதே என்று மறு கட்சி. இன்னும் சிலருக்கு இது பிள்ளைகள் சமாச்சாரம், பெரியவர்களுக்கு உகந்ததில்லை. மூன்றையும் நான் கேட்டிருக்கிறேன். நூலகத்து வாசலிலும் கேட்டிருக்கிறேன், ஆசிரியர் ஓய்வறையிலும் கேட்டிருக்கிறேன். என்னுடைய கட்சி வேறு. கதையில் எங்கே பகிடி வருகிறதோ அங்கேதான் எழுதியவர் வாசகனைப் பக்கத்தில் அழைத்து உட்காரவைக்கிறார் என்பது என் அபிப்பிராயம். அப்படி அழைக்கப்பட்ட வாசகன் எந்த ஊர்க்காரன் என்பதைப் பொறுத்துச் சிரிப்பும் மாறும். பாரிஸ் வாசகன் சிரிக்கிற இடத்தில் மன்னார் வாசகன் சிரிக்கமாட்டான். அவன் சிரிக்காத இடத்தில் நாம் விழுந்து விழுந்து சிரிப்போம். இதை வாயால் சொன்னால் போதாது, காட்டவேண்டும். காட்டுகிறேன், வாருங்கள்!

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல். அதன் தலைவர் கப்டன் நீமோ, யாரென்று தெரியாத மர்ம மனிதர். அவரிடம் மூன்று பேர் கைதிகளாக, விருந்தாளிகளாக மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் பேராசிரியர் அரோனாக்ஸ், கடல் உயிரினங்களை ஆராய்பவர். இரண்டாமவர் அவருடைய வேலையாள் கொன்சேய். மூன்றாமவர் நெட் லாண்ட், கனடாவைச் சேர்ந்த திமிங்கில வேட்டைக்காரர்.

இந்தக் கொன்சேயைப் பாருங்கள். எந்த மீனின் பெயரைச் சொன்னாலும் அது எந்த வகுப்பு, எந்த வரிசை, எந்தக் குடும்பம் என்று கடகடவென்று ஒப்புவிப்பார். ஆனால் மீனைக் கண்ணெதிரே காட்டினால் அது என்ன மீன் என்று அவருக்குத் தெரியாது! நெட் லாண்டோ பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லுவார். அவருக்குத் தெரிந்த வகைப்பாடு ஒன்றே ஒன்றுதான்: தின்னக்கூடிய மீன், தின்னமுடியாத மீன். பாரிஸில் வாசித்தவர்கள் நெட் லாண்டை எழுத்தறிவில்லாத முரடன் என்று நினைத்துச் சிரித்திருப்பார்கள். இங்கே? விடியற்காலையில் பேசாலைக் கரையில் ஏலம் நடக்கும்போது போய் நின்று கேளுங்கள். அங்கே கொன்சேய்க்கு என்ன வேலை? நெட் லாண்டுக்குத்தான் கதிரை போடுவார்கள்!

1868 ஜனவரி கடைசியில் நோட்டிலஸ் இலங்கையை நெருங்குகிறது. பேராசிரியர் நூலகத்துக்குப் போய் இலங்கையைப் பற்றி ஒரு புத்தகம் தேடுகிறார். கிடைப்பது ஹென்றி சேர் என்ற ஆங்கிலேயர் எழுதிய நூல். அது வேர்ன் கற்பனை செய்த புத்தகம் அல்ல, 1850இல் உண்மையாகவே வெளிவந்த புத்தகம். வேர்ன் இங்கே வந்தவர் இல்லை. அரிப்புக் கரையை அவர் கண்டதில்லை. பிரான்சில் மேசையடியில் உட்கார்ந்து, பிறர் எழுதியதை வாசித்து, நம்முடைய கடலைக் கட்டியெழுப்பினார். கப்டன் நீமோ வந்து பேராசிரியரிடம் சொல்கிறார்: மன்னார் முத்துப் பார்களைப் பார்க்கப் போவோமா? சலாபம், அதாவது முத்துக்குளிப்புப் பருவம், தொடங்க இன்னும் காலம் இருக்கிறது, ஆனாலும் பார்க்கலாம். பேராசிரியருக்கு மகிழ்ச்சி. அப்போது நீமோ போகிற போக்கில் ஒரு கேள்வி கேட்கிறார். உங்களுக்குச் சுறாவுக்குப் பயமா?

அவ்வளவுதான். பேராசிரியருக்கு வியர்த்துவிட்டது. கரடி வேட்டைக்குக் கூப்பிட்டால் போகலாம், சிங்கம் என்றால்கூட யோசிக்கலாம். சுறாவை அதன் வீட்டுக்குள்ளேயே போய்ச் சந்திப்பதா? ஆனால் படித்த மனிதர் அல்லவா? பயம் என்று வாய்விட்டுச் சொல்லமுடியுமா? மற்ற இருவரும் வரமாட்டோம் என்று சொன்னால் அதைச் சாட்டாக வைத்துத் தப்பிவிடலாம் என்று காத்திருக்கிறார். அவர்களோ சிரித்த முகத்தோடு வந்து நிற்கிறார்கள். கப்டன் மிக நல்லவர், முத்துக்குளிப்பைப் பார்க்க அழைத்திருக்கிறார் என்கிறார்கள். சுறாவைப் பற்றிக் கப்டன் அவர்களிடம் மூச்சே விடவில்லை! முத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கொன்சேய் கேட்க, பேராசிரியர் வகுப்பெடுக்கத் தொடங்குகிறார். முத்து எப்படி உண்டாகிறது, சிப்பி எப்படி வளர்கிறது, ஒரு சிப்பிக்குள் எத்தனை முத்து இருக்கலாம். சொல்லிக்கொண்டே வந்தவர் வாய் தவறி, ஒரு சிப்பிக்குள் நூற்றைம்பது சுறாக்கள்கூட இருந்ததுண்டு என்று சொல்லிவிடுகிறார்!

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். நன்றி. நூற்றைம்பது வருடம் கழிந்தும் வேலை செய்கிற பகிடி. வாய் முத்தைப் பற்றிப் பேசுகிறது, மனம் முழுக்கச் சுறா. ஒரு பக்கத்தில் விஞ்ஞானப் பாடம், இன்னொரு பக்கத்தில் பயம், நடுவில் நாக்கு வழுக்கிவிட்டது. இந்தப் பகிடியை எடுத்துவிட்டால் அந்த அத்தியாயத்தில் என்ன மிஞ்சும்? சிப்பியைப் பற்றிய வெறும் தகவல் மிஞ்சும். இந்தப் பகிடி இருப்பதால் அந்தத் தகவலும் நம் தொண்டையில் இறங்கிவிடுகிறது, பயமும் இறங்கிவிடுகிறது. மறுநாள் கடலுக்குள் உண்மையான சுறா வரும்போது நாம் பேராசிரியரைப் பார்த்துச் சிரித்தவர்களாக இல்லை, அவரோடு பயந்தவர்களாக இருக்கிறோம். விஞ்ஞானக் கதைக்குச் சிரிப்பு எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு என் பதில் இதுதான்.

சரி, கடலுக்குள் இறங்குவோம். செப்புத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நால்வரும் முத்துப் பாரில் நடக்கிறார்கள். திடீரென்று மேலே ஒரு நிழல். ஏழை முத்துக்குளிகாரன் ஒருவன். சலாபத்துக்கு முன்னமே வந்துவிட்டான். ஒரு சின்னத் தோணி. இரண்டு காலுக்கும் இடையில் ஒரு கல், கல்லில் கட்டிய கயிறு தோணியில். முங்குகிறான், அள்ளுகிறான், மேலே போகிறான், மறுபடி முங்குகிறான். சுறா பாய்கிறது. நீமோ கத்தியோடு குறுக்கே விழுகிறார். போராட்டத்தில் நீமோ கீழே விழ, நெட் லாண்ட் ஈட்டியால் சுறாவைக் கொல்கிறார். முத்துக்குளிகாரனைத் தூக்கி, தேய்த்து, உயிர் மீட்கிறார்கள். கண் விழித்தவன் காண்பது தன் மேல் குனிந்திருக்கும் நாலு செப்புத் தலைகளை! நீமோ தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பை முத்தை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். பிறகு பேராசிரியரிடம், அவன் ஒடுக்கப்பட்ட நாட்டு மனிதன், நானும் கடைசி மூச்சுவரை அந்த நாட்டவன்தான் என்ற கருத்தில் ஒரு வார்த்தை சொல்கிறார். அதுவரை உலகத்தை வெறுத்த மனிதராகத் தெரிந்த நீமோவின் நெஞ்சு நம் கடலில்தான் திறக்கிறது.

இந்த அத்தியாயத்தைப் பற்றி எத்தனையோ நாட்டு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். வீரத்தை மெச்சியிருக்கிறார்கள், கருணையை மெச்சியிருக்கிறார்கள். நான் இதை நம்முடைய ஊரில் சங்கு குளிக்கும் ஒருவருக்கு வாயால் சொன்னேன். புத்தகம் அவர் படித்ததில்லை. சுறா வந்த இடத்தில் அவர் அசையவில்லை. நீமோ கத்தி எடுத்த இடத்திலும் அசையவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"மாஸ்ரர், அவன்ர கயித்தை ஆர் பிடிச்சது?"

சபையோரே, இதுதான் வாசகர் அபிப்பிராயம்! புத்தகத்தைத் திறந்து பாருங்கள். தோணியில் வேறு ஆள் இல்லை. அந்தக் காலத்து மன்னார்ச் சலாபத்தில் ஒரு கல்லுக்கு இரண்டு பேர் மாறிமாறி முங்குவார்கள். மேலே ஒருவர் கயிற்றில் கை வைத்து, கீழே இருப்பவர் அசைக்கும் அசைவுக்காகக் காத்திருப்பார். கயிறு பிடிக்கிறவன் இல்லாமல் முங்கியது இல்லை. உயிர் அந்தக் கையில் இருந்தது. வேர்ன் முங்குகிறவனின் கால்களுக்கிடையில் கல்லை வைத்தார், சரி. ஆனால் மேலே நிற்கவேண்டிய மனிதனை மறந்துவிட்டார். அந்த வேலையை நீமோவுக்குக் கொடுத்துவிட்டார் என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லலாம். எங்கள் சங்குகுளிகாரருக்கு அந்தச் சமாதானம் செல்லாது.

சுறாவுக்கும் நம் ஊரில் ஓர் ஏற்பாடு இருந்தது. கடல்கட்டி என்று ஒருவர். சலாபம் நடக்கும் நாட்களில் கரையில் இருந்துகொண்டு மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவார். அவர் இல்லாமல் முங்கமாட்டோம் என்று குளிகாரர் நிற்க, ஆங்கில அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. நீராவிக் கப்பலும் தந்தியும் வைத்திருந்த அரசாங்கம் மந்திரவாதிக்குச் சம்பளப் பட்டியலில் இடம் கொடுத்த கதை இது. நீர்மூழ்கிக் கப்பலைக் கற்பனை செய்த வேர்னுக்கு இது தெரிந்திருந்தால் ஒரு தனி அத்தியாயமே எழுதியிருப்பார். எவ்வளவு நல்ல பகிடியை இழந்துவிட்டார் பாருங்கள்!

காலத்தையும் பாருங்கள். கதையில் ஜனவரி கடைசி. நமக்குத் தை நடுப்பகுதி. வாடை இன்னும் முழுதாக ஓயாத காலம். சலாபம் என்றால் மாசி, பங்குனி, சித்திரையில் கடல் கண்ணாடிபோலப் படுத்திருக்கும்போதுதான். வேர்ன் இதை அறிந்தே எழுதியிருக்கிறார், அதனால்தான் அந்தக் குளிகாரனைத் தனியாக அனுப்புகிறார். ஆனால் அதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சலாபம் இல்லாத காலத்தில் முத்துப் பாரில் சிப்பி எடுப்பது யாருடைய வேலை? திருட்டு வேலை! பார்கள் அரசாங்கச் சொத்து. காவல் படகுகள் சுற்றும். அனுமதியின்றி ஒரு சிப்பி எடுத்தாலும் குற்றம். அப்படியானால் நீமோ காப்பாற்றியவன் சட்டத்தின் கண்ணில் கள்ளன். அவன் கையில் ஒரு பை நல்முத்தைக் கொடுத்துவிட்டு நீமோ கடலுக்கடியில் போய்விட்டார். இவன் கரைக்குப் போய் என்ன சொல்லுவான்? செப்புத் தலையோடு நாலு பேர் கடலிலிருந்து வந்து தந்தார்கள் என்றா? எந்த விதானையார் நம்புவார்? எந்த நீதவான் நம்புவார்? சுறாவிடமிருந்து தப்பியவன் பொலிசிடமிருந்து தப்பியிருப்பானா?

பாரிஸ் வாசகனுக்கு அந்த அத்தியாயம் அங்கே முடிந்துவிடுகிறது. நமக்கு அங்கேதான் தொடங்குகிறது.

கூலி விஷயமும் அப்படித்தான். முத்துள்ள சிப்பிக்குச் சல்லிக்காசு என்கிறது கதை. அது குளிகாரனின் வறுமையைக் காட்ட உதவுகிறது, நம் கண்ணிலும் நீர் வருகிறது. ஆனால் போன நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கே குளிகாரருக்குக் காசாக அல்ல, சிப்பியாகவே பங்கு கொடுத்தார்கள். அள்ளியதில் மூன்றில் ஒன்று அவர்களுக்கு, மூன்றில் இரண்டு அரசாங்கத்துக்கு. அரசாங்கப் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் போட்டார்கள். தன் பங்கில் முத்து இருக்குமா, வெறும் ஓடா என்று குளிகாரனுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. கீழக்கரை, தூத்துக்குடி ஆட்களும் அரபு நாட்டு ஆட்களும் வந்து குவிந்த அந்தக் கரை, கூலிக்காரர் கூட்டம் மட்டும் அல்ல, பெரிய சூதாட்டமும்தான்.

சூதாட்டம் என்றேன். அதில் மிகப் பெரிய பகிடி அரசாங்கமே செய்தது. 1905ஆம் ஆண்டுச் சலாபம் அள்ளிக் கொட்டியது. அதுவரை காணாத வருமானம். அதே 1905 மார்ச் மாதம் ஜூல் வேர்ன் காலமானார். மறு வருடம் பார்களை ஒரு கம்பனிக்கு 20 வருடக் குத்தகைக்கு விட்டார்கள். விஞ்ஞானிகள் அதற்கு முன்னமே வந்திருந்தார்கள். பேராசிரியர் ஹேர்ட்மன் தொகுதி தொகுதியாக அறிக்கை எழுதினார், ஹோர்னெல் ஆராய்ந்தார். சிப்பியை விஞ்ஞான முறையில் பயிர்செய்யப் போகிறோம் என்றார்கள். சிப்பிகள் என்ன செய்தன? 1907க்குப் பிறகு காணாமல் போய்விட்டன! 20 வருடக் குத்தகை இருக்கிறது, சிப்பி இல்லை. பிறகு 1925இல் ஒரு சலாபம் நடந்ததோடு அந்தப் பழைய சலாபங்களின் கதை முடிந்தது. இதை யாராவது நாவலாக எழுதினால் மிகைப்படுத்துகிறார் என்று விமர்சகர்கள் சொல்லமாட்டார்களா?

ஒரு சின்ன இடைச்செருகல். 1906இல் மறிச்சுக்கட்டிச் சலாபத்தில் ஓர் இளம் அதிகாரி வேலைபார்த்தார். லெனார்ட் வூல்ஃப். பின்னாளில் அந்த அனுபவத்திலிருந்து ஒரு சிறுகதை எழுதினார். அதில் சிரிப்பே இல்லை, கசப்புத்தான். வராத வேர்ன் சிரித்தார், வந்த வூல்ஃபுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கவேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லுகிறேன். ஆனால் அந்த முகாமின் நாற்றம் அறிந்தவர்கள், சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டுக் கழுவிய நாற்றத்தைப் பாட்டன் வாயால் கேட்டவர்கள், இரண்டு பேரையும் பார்த்துத் தலையசைக்கத்தான் செய்வார்கள்.

இன்னொரு விஞ்ஞானக் கதைக்காரரையும் சொல்லாமல் போகமுடியாது. 1956இல் வந்து கடைசிவரை இங்கேயே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க். 'ஒயிட் ஹார்ட்' என்ற மதுச்சாலையில் ஹரி பேர்விஸ் என்ற ஆள் அளந்துவிடும் விஞ்ஞானப் புளுகுகளாக ஒரு தொடரே எழுதினார், அருமையான பகிடி. ஆனால் அவருடைய ஆகப்பெரிய பகிடி 1979இல் வந்த ஒரு நாவலில் இருக்கிறது. விண்வெளிக்குப் போகும் லிஃப்ட் கட்டப் பூமத்தியரேகையில் ஒரு மலை வேண்டும். நம் தீவு அங்கே இல்லை. என்ன செய்தார்? தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளிவிட்டார்! கொழும்பிலே இருந்து வாசித்தவர்களுக்கு இது சின்ன விஷயம். தலைமன்னாரில் இருந்து வாசிப்பவனுக்கு? இராமேஸ்வரம் எங்கே போகும்? வாடையும் சோளகமும் என்ன ஆகும்? மணல் திட்டுகளுக்கு யார் பதில் சொல்வது? எங்களைக் கேட்காமல் தீவை நகர்த்தின முதல் ஆள் அவர் இல்லை என்று யாரோ பின்னால் சொல்வது கேட்கிறது. நான் அதற்குள் போகவில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழில் பகிடியும் விஞ்ஞானமும் சாகசமும் ஒன்றாய்ச் சேர்ந்த தொடர் என்றவுடன் உங்கள் வாயில் வரும் பெயர் என்ன? ஜீனோ! சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1986இல் ஆனந்த விகடனில் வந்தது. வாசகர்கள் விடாததால் 'மீண்டும் ஜீனோ' என்று அடுத்த தொடரும் வந்தது. 2021ஐ ஒட்டிய எதிர்காலத்தில் நடக்கும் கதை. அந்த 2021 வந்தும் போய்விட்டது. பேசுகிற, யோசிக்கிற, கிண்டலடிக்கிற ஓர் இயந்திர நாய். பிள்ளை பெறுவதற்கு அரசாங்கத்திடம் அனுமதி வாங்கவேண்டிய நிலா என்ற பெண். படிக்காதவர்களுக்காகக் கதையை இதற்குமேல் அவிழ்க்கமாட்டேன்.

சுஜாதாவைப் பற்றி வாசகர்கள் என்ன சொல்லுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வேகம், வேகம், வேகம் என்பார்கள். ஆழம் இல்லை என்பார்கள். வெளிநாட்டுச் சரக்கு என்பார்கள். ரங்கராஜன் என்ற இயற்பெயர் கொண்ட மின்னணுப் பொறியியலாளர் எழுதியதால் விஞ்ஞானம் சரியாக இருக்கும் என்பார்கள். ஜீனோ என்ற நாய்க்காகவே படித்தோம், மற்றவர்கள் பெயர் மறந்துவிட்டது என்று ஒத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இதெல்லாம் சென்னை வாசகர் சொல்வது, மதுரை வாசகர் சொல்வது.

மன்னார் வாசகர்?

அந்தத் தொடர் வந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் ஓடிய கப்பல் யுத்தத்தால் நின்றுவிட்டது. இங்கே இருக்கும் சிலர் அதைக் கைக்குக் கை மாறி அட்டை கிழிந்த விகடனில் படித்திருப்பீர்கள். சிலர் மண்டபம் அகதி முகாமில் படித்திருப்பீர்கள். அதன்பின் தொண்ணூறுகளில் புத்தகமாகப் படித்தவர்களை நினைத்துப் பாருங்கள். மன்னார்த் தீவை விட்டு வவுனியாவுக்குப் போக பாஸ் எடுக்கவேண்டும். எத்தனை நாள், எதற்கு, யார் பொறுப்பு, திரும்பி வருவீரா? வரிசையில் நின்று, படிவம் நிரப்பி, நாளை வா என்று கேட்டுவிட்டு வந்தவர், இரவு குப்பிவிளக்கில் ஜீனோ கதையைத் திறக்கிறார். பிள்ளை பெற அனுமதி கிடைத்துவிட்டது என்று நிலா துள்ளுகிறாள். சென்னையில் அது நடுங்கவைக்கும் எதிர்காலம். அடடா, இப்படி ஒரு காலம் வந்தால் என்ன ஆகும் என்று அங்கே யோசித்தார்கள். இங்கே என்ன சொன்னார்கள் தெரியுமா? அனுமதி கிடைச்சதே பெரிய விஷயம், பிள்ளை குடுத்து வைச்சவள்!

நான் இதைப் பகிடியாகச் சொல்கிறேன், ஆனால் பகிடி மட்டும் அல்ல. ஜீனோ அதிகாரத்தைக் கிண்டலடிக்கும் ஒவ்வொரு இடமும் இங்கே வேறு கனத்தில் விழுந்தது. வாயைத் திறந்து சொல்லமுடியாத ஒன்றை ஒரு நாய் சொல்லிவிடுகிறது. நாயை யார் பிடித்துப்போய் விசாரிப்பது? சுஜாதா நம்மை மனதில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. நாம் நம்மை வைத்து வாசித்தோம். அந்த வாசிப்பை யாரும் எழுதிவைக்கவில்லை. இலக்கிய வரலாற்றில் அது இல்லை. இந்த மண்டபத்தில் இருக்கிறது.

ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் கேட்பார்கள், டக்ளஸ் அடம்ஸை விட்டுவிட்டீர்களே என்று. விடவில்லை. 1978இல் பி.பி.சி. வானொலியில் தொடங்கி ஐந்து புத்தகமாய் வளர்ந்த அவருடைய விண்வெளிப் பகிடித் தொடர் எப்படித் தொடங்குகிறது? ஒருவனின் வீட்டை இடித்து ரோட்டுப் போட வருகிறார்கள். திட்டம் பல நாளாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்ததே என்கிறார்கள் அதிகாரிகள். வைத்த இடம் வெளிச்சமில்லாத நிலவறை. கொஞ்ச நேரத்தில் வேற்றுக்கிரகக்காரர் வந்து பூமியையே இடிக்கப்போகிறோம், விண்வெளி ரோட்டுக்கு இடம் வேண்டும் என்கிறார்கள். அறிவித்தல் பக்கத்து நட்சத்திரத்தில் ஒட்டியிருந்ததாம்!

உலகம் முழுக்க வாசகர்கள் இதைத் தலைசிறந்த அபத்தம் என்று கொண்டாடுகிறார்கள். மெத்தச் சரி. ஆனால் காற்றாலைக்கும் கனிம மணலுக்கும் காணி போகுமா என்று கேட்டுக்கொண்டிருக்கும் ஊரில், அறிவித்தல் எங்கே ஒட்டியிருக்கிறது, எந்த மொழியில் ஒட்டியிருக்கிறது என்று தேடி அலைந்தவர்கள் இதை அபத்தம் என்பார்களா? யதார்த்தவாதம் என்பார்கள். என் மாணவி ஒருத்தி படித்துவிட்டு, இந்த ஆள் மன்னாருக்கு வந்திருக்கிறாரா சேர் என்று கேட்டாள். அதைவிட நல்ல மதிப்புரையை நான் எந்தப் பத்திரிகையிலும் வாசிக்கவில்லை.

நேரம் ஆகிறது, அவைத்தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். நீமோவின் விஷயம் ஒன்று மிச்சம் இருக்கிறது, அதைச் சொல்லி உங்கள் கையில் விட்டுவிடுகிறேன்.

நீமோ யார்? முதலில் வேர்ன் மனதில் இருந்தது ஒரு போலந்துக்காரர், ரஷ்யாவால் குடும்பத்தை இழந்தவர். பதிப்பாளர் ஹெட்செல் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே அந்தப் புத்தகத்தில் நீமோவின் நாடு சொல்லப்படவே இல்லை. சில வருடம் கழித்து 1874, 1875இல் வந்த 'மர்மத் தீவு' கதையில் உண்மை வெளிவருகிறது. அவர் இந்தியர்! புந்தேல்கண்ட் இளவரசர் டக்கார், திப்பு சுல்தானின் உறவு, 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்தவர். அப்போதுதான் மன்னார் அத்தியாயத்தைத் திருப்பிப் பார்த்த வாசகர்களுக்கு விளங்கியது, அவர் ஏன் அந்தக் குளிகாரனுக்காகச் சுறாவின் முன் பாய்ந்தார், ஏன் முத்துப் பையைக் கொடுத்தார் என்று. உலக வாசகர்கள் இந்த இடத்தில் உருகுகிறார்கள். நானும் உருகினேன்.

சங்குகுளிகாரரிடம் இதையும் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அந்த ராசா என்ன பாஷை பேசுவார் என்று கேட்டார். வடக்கே உள்ள பாஷை, இந்தி மாதிரி என்றேன். அப்ப தலையில இருந்த செம்பைக் கழட்டியிருந்தாலும் ரெண்டு பேரும் ஒண்டும் கதைச்சிருக்க ஏலாது என்றார். பிறகு, அந்தப் பையைக் குடுக்கிறதுக்குப் பதிலா அவனையும் கப்பல்ல ஏத்தியிருந்தா அவன் பார்ல எங்க சிப்பி கிடக்கு எண்டாவது காட்டியிருப்பான், பாஷை பிறகு வந்திருக்கும் என்றார்.

வேர்ன் அவனை ஏன் கப்பலில் ஏற்றவில்லை? மூன்று மேல்நாட்டவருக்கு இடம் இருந்த கப்பலில், நீமோ உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய நாட்டுக்காரனுக்கு ஏன் இடம் இல்லை? அவனுக்கு ஏன் ஒரு பெயர்கூட இல்லை? அவனும் ஏறியிருந்தால் கொன்சேய் மீனை வகைப்படுத்தும்போதும் நெட் லாண்ட் தின்னத் தயாராகும்போதும் அவன் என்ன பகிடி விட்டிருப்பான்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. பேசாலை ஆட்கள் கடைசி வரிசையில் குசுகுசுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் அங்கே பதில் இருக்கும்போல் தெரிகிறது. ஒலிவாங்கியை அவர்களிடம் கொடுங்கள்.